புகார் கடிதம்: மூன்று மெஷினுக்கு மாற்று என்று சொல்லி விற்ற மல்டிபிராசஸ் வெல்டிங் மெஷின்

அனுப்புநர்:
உரிமையாளர்கள், ஃபேப்ரிகேஷன் பட்டறை,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வெல்டிங் மெஷின் தயாரிப்பு நிறுவனம்.

நகல்: மெஷினை விற்ற டீலர், ஓசூர்.

பொருள்: எக்ஸ்சேஞ்சில் கொடுத்த மெஷின்களைத் திருப்பித் தரவும், புதிய மெஷினை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். சிஓ2, ஆர்கான், ராடு என மூன்று வகை வெல்டிங்கும் ஒரே பெட்டியில் ஓடும் உங்கள் நிறுவனத்தின் 250 ஆம்பியர் சிங்கிள் பேஸ் மல்டிபிராசஸ் இன்வெர்ட்டர் மெஷினை எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் வாங்கினோம். அதற்காக எங்களிடம் இருந்த வயர் ஊட்டி ஓட்டும் 400 ஆம்பியர் த்ரீ பேஸ் சிஓ2 மெஷின், ஹெச்எஃப் ஸ்டார்ட் (தொடாமலே ஆர்க் பிடிக்கும் வசதி) உள்ள, டங்ஸ்டன் முனையில் அடிக்கும் ஏசி/டிசி ஆர்கான் மெஷின், ராடு வெல்டிங் ரெக்டிஃபையர் மூன்றையும் டீலர் எடுத்துக்கொண்டார். "மூன்று மெஷினுக்கு முழு மாற்று" என்று கொட்டேஷனிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். டீலரிடம் பேசித் தீராததால் உங்களுக்கே எழுதுகிறோம்.

முதலில் ஆம்பியர் கணக்கு. உங்கள் நோட்டீஸில் "250 ஆம்பியர், 60 சதவீத டூட்டி சைக்கிள்" என்று ஒரே வரியில் பெரிய எழுத்தில் இருக்கிறது. மெஷினின் பின்பக்கத் தகட்டைப் படித்தால் விஷயம் வேறு. சிஓ2 வரிசையில் 250 ஆம்பியருக்கு 25 சதவீதம், 161 ஆம்பியருக்கு 60 சதவீதம், 125 ஆம்பியருக்கு 100 சதவீதம். மேல் வரிசையிலிருந்து ஆம்பியரையும் நடு வரிசையிலிருந்து சதவீதத்தையும் எடுத்து ஒட்டி நோட்டீஸ் போட்டிருக்கிறீர்கள். டூட்டி சைக்கிள் என்பது பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் ஆர்க் அடிக்கலாம் என்ற கணக்கு. 250 ஆம்பியரில் இரண்டரை நிமிடம் ஆர்க் அடித்தால் ஏழரை நிமிடம் ஆறவிட வேண்டும். டிராக்டர் ட்ரெய்லர் சேஸிஸுக்கு 8 எம்எம் பிளேட்டை 1.2 எம்எம் வயரில் 200 ஆம்பியர் வைத்து ஓட்டினால்கூட பத்தில் நான்கு நிமிடம்தான் தாங்கும். அதுவும் சுற்றுப்புறம் 40 டிகிரிக்குள் இருக்கும்போது. சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே எத்தனை டிகிரி இருக்கும் என்பது இந்த ஊரில் மெஷின் விற்கும் டீலருக்குத் தெரியாததல்ல. மஞ்சள் ஓவர்ஹீட் லைட் பாதித் தையலில் எரிந்து ஆர்க் அறுகிறது. ஆறிய இடத்தில் திரும்பத் தொடங்கினால் அங்கே சரியாக ஊடுருவாமல் குளிர்ந்த ஜாயின்ட் ஆகிவிடுகிறது. கிரைண்டர் போட்டுத் தோண்டிவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொண்ட 400 ஆம்பியர் மெஷின் 60 சதவீதம் கொண்டது. அது 310 ஆம்பியர் வரை நிறுத்தாமல் ஓடும். 125-ஐ வைத்து 310-க்கு மாற்று என்று சொல்வது எந்தக் கணக்கில் சேர்த்தி?

பெட்டியில் வந்த டார்ச்சையும் பாருங்கள். 15 ஏகே வகை. அது சிஓ2 கேஸில் 180 ஆம்பியர், மிக்ஸ்டு கேஸில் 150 ஆம்பியர், இரண்டும் 60 சதவீதத்துக்குத்தான். 250 ஆம்பியர் என்று எழுதிய மெஷினோடு 180 ஆம்பியர் டார்ச்சைக் கொடுத்தால் கைப்பிடி சுடும், காண்டாக்ட் டிப்பில் வயர் ஒட்டி எரியும், நாசில் சீக்கிரம் அடைக்கும். டிப் அடிக்கடி போவதற்கு "வயர் சரியில்லை" என்று உங்கள் சர்வீஸ் ஆள் எழுதிவிட்டுப் போனார். வயர் சாதாரண இரும்புக்கான இஆர்70எஸ்-6 வகை, செம்புப் பூச்சு சரியாக இருக்கிறது. பழைய மெஷினில் இதே வயரைத்தான் ஓட்டினோம்.

இதைவிடப் பெரிய இழப்பு ஆர்கானில். காவேரிப்பட்டணம், பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்கு எஸ்எஸ் 304 டேங்க், பைப் லைன், யூனியன் ஜாயின்ட் செய்வது எங்கள் முக்கிய வேலை. கூழ் ஓடும் பைப்பின் உள்பக்கம் மழமழவென்று இருக்க வேண்டும். குழியோ கறுப்போ இருந்தால் அங்கே கூழ் தங்கிப் புளிக்கும். உங்கள் மெஷின் லிஃப்ட் ஸ்டார்ட். டங்ஸ்டனை இரும்பில் தொட்டுத் தூக்கித்தான் ஆர்க் எடுக்க வேண்டும். 1.6 எம்எம் ஷீட்டில் தொடும்போதெல்லாம் டங்ஸ்டன் முனை கெடுகிறது, சில நேரம் துணுக்கு வெல்டுக்குள்ளேயே தங்குகிறது. டவுன்ஸ்லோப் (முடிவில் கரண்ட்டை மெல்லக் குறைக்கும் வசதி) இல்லாததால் முடிக்கும் இடத்தில் குழி விழுந்து, அதில் மயிரிழை வெடிப்பு வருகிறது. கேஸ் வால்வு டார்ச்சில் கையால் திருகுவது. ஆர்க்கை அறுக்க டார்ச்சைத் தூக்கினால் ஆர்கானும் கூடவே விலகிப் போகிறது. வெல்டு ஆறும் வரை மேலே கேஸ் நிற்பதில்லை. அந்த இடம் சாம்பல் கறுப்பாகிறது. ஹெச்எஃப், போஸ்ட் ஃப்ளோ (ஆர்க் நின்ற பிறகும் கேஸ் ஓடுவது), டவுன்ஸ்லோப் மூன்றும் உணவு ஆலை வேலைக்கு ஆடம்பரம் அல்ல, அடிப்படை. நாங்கள் கொடுத்த பழைய மெஷினில் மூன்றும் இருந்தன.

அலுமினியம் பற்றியும் உங்கள் பிரதிநிதி "ஆர்கான்ல எல்லாம் ஓடும்" என்றார். இந்த மெஷின் டிசி மட்டும். அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்ஸைடு படலம் ஏறத்தாழ 2,050 டிகிரியில்தான் உருகும். உள்ளே உள்ள உலோகம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஏசி கொடுத்தால்தான் பாதி சுழற்சியில் அந்தப் படலம் உடையும். டிசி மைனஸில் வைத்தால் மேலே தோல், உள்ளே கஞ்சி. ஆர்கான் மெஷின் விற்பவருக்கு இது பாலபாடம்.

ராடு வெல்டிங்கில் 6013 ராடு 3.15 எம்எம் ஒழுங்காக ஓடுகிறது, அதில் குறை சொல்ல மாட்டோம். கிரானைட் கிரேன் பிராக்கெட்டுக்கு, கனமான வேலைக்கான 7018 ராடு வைத்தால் தொடங்கும்போதே ஒட்டிக்கொள்கிறது. ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (ஆர்க் பிடிக்கும் முன் முனையில் இருக்கும் வோல்டேஜ்) தகட்டிலேயே 56 தான். ஹாட் ஸ்டார்ட்டை (தொடக்கத்தில் மட்டும் கொடுக்கும் கூடுதல் கரண்ட்டை) கூட்டக் குறைக்க வழியும் வைக்கவில்லை.

கரண்ட் விஷயம். "வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் ஓடும்" என்று பிரதிநிதி சொன்ன மெஷினின் தகட்டில் அதிகபட்ச இன்புட் 48 ஆம்பியர் என்றிருக்கிறது. த்ரீ பேஸ் கனெக்ஷன் உள்ள பட்டறையில் அவ்வளவு சுமையும் ஒரே பேஸில் ஏறுகிறது. 230-க்கு 15 சதவீதம் கீழே, அதாவது 195 வோல்ட்டுக்கு இறங்கினால் மெஷின் தானே நின்றுவிடும்.

மல்டிபிராசஸ் மெஷினே வேண்டாத பொருள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒற்றை ஆள் பட்டறைக்கும், வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் கல்டிவேட்டர், கேட், பைப் ரிப்பேர் செய்பவருக்கும் அது நல்ல மெஷின். அவர் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்வார். எங்கள் பட்டறையில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே நேரத்தில் ஆர்க் அடிப்பவர்கள். ஒருவர் ட்ரெய்லரில் சிஓ2, மற்றவர் டேங்கில் ஆர்கான். இப்போது ஒருவர் அடிக்கும்போது மற்றவர் சும்மா நிற்கிறார். மாற்றும்போதும் சிலிண்டர், ரெகுலேட்டர், டார்ச், போலாரிட்டி நான்கும் மாற வேண்டும். சிஓ2-க்கு டார்ச் பிளஸ், ஆர்கானுக்கு டார்ச் மைனஸ். அவசரத்தில் போலாரிட்டி மாற்றாமல் அடித்தால் டங்ஸ்டன் முனை உருண்டையாக உருகிவிடும். விற்கும் முன் "ஒரே நேரத்தில் எத்தனை பேர் வெல்டிங் அடிப்பீர்கள், அலுமினியம் உண்டா, அதிகபட்சம் எத்தனை எம்எம் பிளேட்" என்று கேட்டிருந்தால் இந்த எக்ஸ்சேஞ்சை உங்கள் ஆளே வேண்டாம் என்று சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

கடைசியாகப் பவர் போர்டு போனது. கரண்ட்டை ஸ்விட்ச் செய்யும் ஐஜிபிடி பாகம் வெடித்திருக்கிறது. மாங்காய் சீசன் நடுவில் மூன்று வேலையும் சேர்ந்தே நின்றன. தனித்தனி மெஷின் இருந்திருந்தால் ஒன்றுதான் நின்றிருக்கும். "உள்ளே கிரைண்டிங் தூசி, வாரண்டி கிடையாது" என்கிறது சர்வீஸ் அறிக்கை. மெஷினின் பாதுகாப்புக் குறியீடு ஐபி21எஸ். அந்தக் குறியீட்டில் தூசித் தடுப்பே இல்லை. ஃபேன் வெளிக்காற்றை இழுத்து ஹீட் சிங்க் மேல் அடிக்கும்படி வடிவமைத்ததும் நீங்கள்தான். கிரைண்டர் ஓடாத வெல்டிங் பட்டறை எங்கே இருக்கிறது? கையேட்டில் தூசி ஊதும் கால இடைவெளி எதுவும் குறிப்பிடவில்லை. தூசியைக் காட்டி வாரண்டியை மறுப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

எங்கள் கோரிக்கை இதுதான். பில் தொகையை முழுவதும் திருப்பிக் கொடுத்து இந்த மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சில் போன மூன்று மெஷின்களையும் அதே நிலையில் திருப்பித் தாருங்கள். விற்றுவிட்டிருந்தால் அதே திறனுள்ள, ஹெச்எஃப் மற்றும் ஏசி/டிசி வசதியோடு கூடிய மாற்று வேண்டும், எக்ஸ்சேஞ்சில் போட்ட மதிப்பு மட்டும் போதாது. பணம் திரும்பும் வரை ஓட்ட ஒரு சிஓ2 மெஷினும் ஒரு ஆர்கான் மெஷினும் இரவலாகத் தர வேண்டும். நோட்டீஸில் ஒவ்வொரு பிராசஸுக்கும் தகட்டில் உள்ள ஆம்பியரையும் சதவீதத்தையும் சேர்த்தே அச்சிடுங்கள், "டிசி மட்டும், லிஃப்ட் ஸ்டார்ட்" என்பதையும் முன்பக்கத்திலேயே போடுங்கள். அடுத்து வாங்கும் பட்டறைக்காரராவது தெரிந்து வாங்கட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கம் என்று தள்ளிவிடுவதில்லை. பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்கள்

இணைப்பு: பில், எக்ஸ்சேஞ்ச் ரசீது, கொட்டேஷன், நோட்டீஸ், பின்பக்கத் தகட்டின் படம், டார்ச் கைப்பிடியின் படம், சர்வீஸ் அறிக்கை நகல்.