கண்மாய் நிறைந்த பிறகு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையிலும் பொங்கல் விடுமுறையிலும் பறவைகளைப் பார்ப்பதற்காக இராமநாதபுரம் கடற்கரைக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களில் பல, முதலில் நாளைக் குறித்து, ரயில் சீட்டையும் தங்கும் அறையையும் பதிவு செய்துவிட்டு, அதன் பிறகே எங்கே என்ன இருக்கும் என்று விசாரிக்கின்றன. எங்கள் மாவட்டத்துக்கு இந்த வரிசை ஒத்துவராது. இங்கே நாள் குறிப்பவை மழையும் காற்றும்தான் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கும், அதற்கேற்ற அறிவிப்பு முறை ஒன்று தேவை என்பதை மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இம்மாவட்டத்தில் கண்மாய்களில் அமைந்த பறவைகள் சரணாலயங்கள் ஐந்து உள்ளன. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும், கடலாடிப் பக்கம் மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூரும், நயினார்கோவில் பக்கம் தேர்த்தங்கலும், இராமநாதபுரம் நகரத்தை ஒட்டிச் சக்கரக்கோட்டையும் இருக்கின்றன. முதல் இரண்டும் 2022இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான இராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இவை அனைத்தும் பாசனக் கண்மாய்கள் என்பதைப் பயணம் திட்டமிடுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பினால்தான் உள்ளே நிற்கும் கருவேல மரங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். அப்படித் தண்ணீர் சூழ்ந்திருந்தால்தான் நாயும் நரியும் கூடுகளை அணுக முடியாது. குஞ்சுகளுக்கு மீனும் நத்தையும் தவளையும் கிடைக்கும். கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் ஆகியவை இதைப் பார்த்துத்தான் கூடு கட்டத் தொடங்குகின்றன. ஐப்பசியிலேயே மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மார்கழிக்குள் கூடுகளில் குஞ்சுகளைக் காணலாம். மழை தள்ளிப்போன ஆண்டில் அதே காட்சிக்குத் தை முடியும்வரை காத்திருக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டிலோ வறண்ட கண்மாயும் வெறும் மரங்களும்தான் மிஞ்சும். டிசம்பர் கடைசி வாரத்தில் பிள்ளைகளை அழைத்து வந்து, காய்ந்த கரையில் நின்று ஏமாந்து திரும்பும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த ஏமாற்றம் நேர்ந்திருக்காது.

கடலுக்கும் இதே நியாயம் பொருந்தும். பாக் நீரிணைப் பக்கத்தை இங்குள்ள மீனவர்கள் வடகடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிப்பாகவும் தென்கடல் ஓரளவு அடங்கியும் இருக்கும். ஆகவே தொண்டியை அடுத்த காரங்காட்டு அலையாத்திக் காட்டில் படகில் செல்ல விரும்புவோரும், பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகில் போக விரும்புவோரும் தங்கள் திட்டத்தில் ஒரு நாளையாவது கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரில் வந்தது என்பதை நினைவில் கொண்டால், கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வரும் நாளில் படகோட்டியிடம் வாதாடத் தோன்றாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. பணம் கொடுத்தால் எந்தத் தீவிலும் இறக்கிவிடுவதாக யாராவது சொன்னால் அதை ஏற்கக் கூடாது. மனோலித் தீவையும் முயல் தீவையும் ஒட்டிய சேற்றுத் திட்டுகளில், ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் உள்ளான் எனப்படும் கரைப்பறவை இனங்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அங்கே மனிதர் கால் படாமல் இருப்பதே அவற்றுக்கு நாம் செய்யும் உதவி.

தனுஷ்கோடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோதண்டராமர் கோவில் அருகிலும் அரிச்சல்முனைச் சாலையோரத்திலும் உள்ள ஆழமற்ற நீர்ப்பரப்புகளில் பூநாரைகள் இறங்குகின்றன. 2025 ஜூன் மாதத்தில் இப்பகுதியில் சுமார் 525 ஹெக்டேர் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரை, தலையைக் கவிழ்த்து அலகைத் தண்ணீரில் அலசி, நுண்ணிய உயிரினங்களை வடிகட்டி உண்ணும் பறவை. அதற்குக் கால் ஊன்றி நிற்கும் அளவு தண்ணீர் வேண்டும். பெருமழை முடிந்த கையோடு வருவதைவிட, நீர் வடியத் தொடங்கும் ஜனவரிக் கடைசியிலிருந்து வருவது பயன் தரும் என்பது என் கருத்து. ஆனால் தை அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தீர்த்தமாட வருவோரின் கூட்டத்தில் சாலையும் நிறைந்திருக்கும், அறையும் கிடைக்காது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு ரயில் மீண்டும் இராமேசுவரம் வரை செல்வதால், ஐயப்ப பக்தர்கள் வரும் மாதங்களிலும் இந்த நெருக்கடியை எதிர்பார்க்கலாம்.

பூநாரைகளைச் சாலையில் நின்றே பார்க்கலாம். ஒரு பைனாகுலர் போதும். ஆனால் படம் எடுப்பதற்காகத் தண்ணீருக்குள் இறங்கி நடப்பவர்களையும், கூட்டம் ஒன்றாக எழும்ப வேண்டும் என்று கை தட்டுபவர்களையும் காண்கிறோம். கோடை தொடங்கும்போது நெடுந்தூரம் பறக்க வேண்டிய பறவைகள் இந்த மாதங்களில்தான் உடலில் கொழுப்பைச் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை எழுப்பப்படும்போதும் தின்ற இரையில் ஒரு பங்கு வீணாகிறது. அதே கடற்கரையில் ஜனவரி மாதத்திலிருந்து, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. மணலில் வண்டி ஓட்டுவதும் விளக்கு அடிப்பதும் அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை, வாரம் ஒருமுறை, ஐந்து சரணாலயக் கண்மாய்களிலும் எவ்வளவு தண்ணீர் உள்ளது, எந்தெந்தப் பறவைகள் கூடு கட்டியுள்ளன, படகுகள் ஓடுகின்றனவா என்ற விவரத்தை வனத்துறையும் நீர்வளத்துறையும் சேர்ந்து தமிழில் வெளியிட வேண்டும். அதை இராமநாதபுரம் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். கார் இல்லாதவர்களும் பார்க்கும் வகையில், முதுகுளத்தூரிலிருந்து சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும், கூடு கட்டும் மாதங்களின் சனி, ஞாயிறுகளில் மட்டுமாவது, காலையில் ஒன்றும் பறவைகள் அடையும் மாலை நேரத்தில் ஒன்றுமாகக் கூடுதல் பேருந்துகளை இயக்க வேண்டும். வரும் பருவமழை தொடங்குவதற்கு முன்பே இதற்கான ஏற்பாட்டைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
இராமநாதபுரம்.