காளானுக்குப் பினாயில் ஊற்றாதீர்கள்

நம் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

செயலாளரிடம் தனியாகச் சொன்னால் அவரோடு நின்றுவிடும். அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். மழை ஆரம்பித்ததும் பூங்காவில் அடிக்கட்டையைச் சுற்றிக் காளான் முளைத்திருக்கிறது. அதன்மேல் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் போடப் போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். காளான் போகாது, பக்கத்துச் செடிகள்தான் கருகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சாய்ந்த குல்மொஹரை முழங்கால் உயரத்தில் அறுத்துவிட்டு அப்படியே விட்டோம் அல்லவா, அந்தக் கட்டைதான் இது. பூஞ்சை கட்டைக்குள்ளும் மண்ணுக்கடியில் ஓடும் செத்த வேர்களுக்குள்ளும் நூல்நூலாகப் பரவி மரத்தை மட்கச் செய்துகொண்டிருக்கிறது. வெளியே தெரியும் குடை, வித்துத் தூளை உதிர்க்க மட்டும் தலைகாட்டுகிறது. கட்டையிலிருந்து நாலடி தள்ளிப் புல்லிலும் முளைக்கிறதே என்று ஒருவர் பயந்திருந்தார். அங்கேயும் அடியில் வேர் இருக்கும். காலையில் சாம்பல் நிறத்தில் கொத்தாக நிற்பவை, வெயில் ஏறியதும் ஓரம் கருத்து மையாக வடிந்துவிடுகின்றன. மரம் மட்கித் தீர்ந்தால் இவையும் வராது.

குழந்தைகள் விளையாடும் இடம் என்பது நியாயமான கவலை. தோட்டக்காரர் கையுறை போட்டுத் தினமும் காலையில் பிடுங்கிக் குப்பையில் போட்டால் போதும். இன்னொன்று, யாரும் இதைப் பறித்துக் குழம்பு வைக்க வேண்டாம். ஊரில் புற்றுக்காளான் தின்று வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் கண்ட காளானும் அதுவல்ல. சில காளான்களின் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. சீக்கிரம் மட்க வேண்டுமென்றால் கட்டையில் ஆழமாகத் துளை போட்டு, கொஞ்சம் யூரியா வைத்து, மண் மூடி ஈரமாக வைக்கலாம்.

நான் உண்மையில் பயப்படுவது வேறொரு கட்டையைப் பார்த்து. மோட்டார் அறைக்குப் பின்னால், பட்டுப்போய் வெட்டிய தென்னையின் தூர் இருக்கிறது. அதன் அடியில் கெட்டியாக, வார்னிஷ் அடித்ததுபோல் செம்பழுப்பில் மினுங்கிக்கொண்டு தட்டுத்தட்டாக ஒன்று ஒட்டியிருக்கிறது. அடிப்பக்கம் வெள்ளை. இதை யாரும் படமெடுத்துக் குழுவில் போடவில்லை. எனக்குத் தெரிந்தவரை இது கேனோடெர்மா. 1952-இல் தஞ்சாவூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் வாங்கிய தென்னை நோய்க்குக் காரணமான பூஞ்சை இனம். குல்மொஹர்க் கட்டையில் இருப்பது செத்த மரத்தைத் தின்கிறது. இது மண் வழியாக, வேர் வழியாக உயிருள்ள தென்னைக்கும் போகும். சுவரோரம் இன்னும் நாலு தென்னைகள் காய்த்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் அடித்தண்டில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிந்திருப்பதை நேற்று பார்த்தேன். நோயின் அறிகுறிகளில் அதுவும் ஒன்று.

ஆகவே பினாயில் காசை இங்கே செலவழியுங்கள். முதலில் வேளாண் விரிவாக்க மையத்தில் அந்தத் தட்டைக் காட்டி உறுதிப்படுத்திக்கொள்வோம். அப்புறம் தூரை வேரோடு தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும். மற்ற தென்னைகளுக்கு ஆண்டுக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு வைக்கலாம். சாறு வடியும் மரத்தைச் சுற்றிக் குழி வெட்டித் தனிமைப்படுத்தி, வேர்ப்பகுதியில் ஒரு சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த பூஞ்சைக்கொல்லி) ஊற்றச் சொல்வார்கள்.

ஜேசிபி உள்ளே வரப் பின்வாசல் பக்கம் இரண்டு கார்களை நகர்த்த வேண்டியிருக்கும். ஒன்று என்னுடையது, முதல்நாள் இரவே எடுத்துவிடுகிறேன். இன்னொன்று தலைவருடையது.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பவர்