கோணல் காணிக்குத் தண்ணீரும் பசளையும்

கும்புறுப்பிட்டி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். கனடாவிலிருந்து நீ அனுப்பிய கடிதமும் அல்பேர்ட்டாப் படங்களும் கிடைத்தன. இங்கே மாரி மழை ஓய்ந்துவிட்டது, கிணறுகளில் தண்ணீர் இன்னும் மேலேதான் நிற்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. உன்னை அடிக்கடி விசாரிப்பா.

அந்த வட்ட வட்டப் பச்சை வயல்களின் படத்தை எல்லாருக்கும் காட்டினேன். 160 ஏக்கர் சதுரத்துக்குள் அந்த நீண்ட குழாய்க் கை நடுவிலிருந்து தண்ணீர் தெளித்தபடி சுற்றிவந்தால் 125, 130 ஏக்கர்தான் நனையும், நாலு மூலையும் காய்ந்து கிடக்கும். மூலைக்கென்றே மடங்கி நீளும் இன்னொரு கையும் பூட்டுகிறார்களாம். அளந்து வெட்டிய சதுரத்திலேயே இந்தப் பாடு. அப்படியிருக்க, உன் பங்குக் காணி கோணல் என்பதற்காக அதை விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். விற்காதே மச்சான். என் காணியும் ஒரு பக்கம் ரோட்டோடு நேராகப் போய், மறுபக்கம் உவர்நீர்க் களப்போடு வளைந்து, கடைசியில் கூராக முடிவதுதான். அதில்தான் சோளன் போட்டிருக்கிறேன்.

கோணல் காணியில் முதலில் பிழையாகப் போவது பசளைக் கணக்குத்தான். கூரான பக்கத்தில் வரிசைகள் குட்டை குட்டையாக முடியும். கையால் எறிகிறவர் வரம்படியில் திரும்பும்போதெல்லாம் அதே இடத்தில் இன்னொரு பிடி விழும். அந்த மூலைச் சோளன் கரும்பச்சையாகத் தழைத்து, காற்றடித்தால் சாய்ந்துவிடும். நீள வரிசைகளின் தொங்கலிலோ அடியிலை மஞ்சளடித்து நிற்கும். இரண்டையும் ஒரே காணியில் பார்க்கலாம்.

அதனால் நான் ஏக்கர்க் கணக்கை விட்டுவிட்டு வரிசையின் மீற்றரைத்தான் எண்ணுகிறேன். உறுதிப் பத்திரத்தில் என் காணி ஒன்றரை ஏக்கர். வரம்பு, கிணற்றடி, பனைகள், திரும்பும் இடம் எல்லாம் போக, நட்ட வரிசைகளைக் கூட்டினால் 7,200 மீற்றர் வருகிறது. வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர் இடைவெளி. அப்படியென்றால் பயிர் நிற்பது ஒரு ஏக்கருக்குச் சற்றுக் கூடத்தான். உறுதியைப் பார்த்துப் பசளை போட்டால் 40 வீதம் கூடுதலாகப் போய்விடும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி நாங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, யூரியாவை அப்படி அள்ளிவிட யாருக்கு மனம் வரும்? ஒரு ஏக்கருக்கு 50 கிலோ என்றால் மீற்றருக்கு ஏழரைக் கிராம்கூட இல்லை. மணல் தரை என்பதால் அதையும் பிரித்துப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரேயடியாகப் போட்டால் தண்ணீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

சொட்டுக் குழாயையும் இதே கணக்கில்தான் பிரித்தேன். ஆறு வால்வு, ஒவ்வொன்றுக்கும் 1,200 மீற்றர். ரோட்டுப் பக்கத்தில் ஒரு வால்வுக்கு 14 வரிசை போதும், கூரான பக்கத்தில் 40க்கு மேல் வருகிறது. பார்க்க ஏறுக்குமாறாகத்தான் இருக்கும். ஆனால் எல்லா வால்வுக்கும் மீற்றர்க் கணக்கு ஒன்றே என்பதால், கரைத்த யூரியாவும் ஒரே அளவு, பம்ப் ஓடும் நேரமும் ஒன்றே. முதலில் வெறும் தண்ணீர் விட்டு, அழுத்தம் சீரானதும் பசளைக் கரைசலைத் திறந்து, கடைசியில் குழாய் கழுவப்படும் அளவுக்கு மட்டும் மறுபடி வெறும் தண்ணீர். அதற்குமேல் விட்டால் மணலில் பசளை தங்காது. நீள வரிசையையும் குட்டை வரிசையையும் ஒரே வால்வில் கலக்கவே கூடாது. குட்டைக் குழாய் கழுவி முடிந்த பிறகும் நீளக் குழாயின் நுனியில் யூரியா நின்றுகொண்டிருக்கும்.

உன் காணியிலும் சொட்டுக் குழாய் போட்டதும் உன் தம்பியிடம் ஒரு வேலை சொல். மணிக்கு இரண்டு லீற்றர் விடும் துளை என்றால் 6 நிமிடத்தில் 200 மில்லிலீற்றர் விழ வேண்டும். நீளமான வரிசையின் முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் கீழே கொஞ்சம் மண்ணைத் தோண்டி ஒவ்வொரு கோப்பை வைத்துப் பார்க்கட்டும். கடைசியில் 150தான் விழுகிறது என்றால் அந்தச் செடிகளுக்குத் தண்ணீரோடு பசளையும் கால்வாசி குறைகிறது. அந்த வரிசையை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஓடவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

15 மீற்றருக்கும் குறைந்த வரிசைகளை நான் போடுவதே இல்லை. அந்த முனையைக் கௌபிப் பயறுக்கு விட்டிருக்கிறேன். அது தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், யூரியாக் கணக்கே வராது. களப்போரமாக இருப்பதால் பம்பையும் அளவோடுதான் ஓட்டுகிறேன். கூட இறைத்தால் கிணறு உவர்த்துப் போகும், பிறகு எந்தக் கணக்கும் உதவாது.

வைகாசியில் வருவதாக எழுதியிருந்தாய். அப்போது சோளன் அவிக்கிற பதத்தில் இருக்கும். அதற்கு முன் உன் காணியின் நில அளவைப் படத்தைத் தம்பியிடம் சொல்லி எனக்கு அனுப்பு. எந்தப் பக்கம் நேரென்று பார்த்து, வரிசைகளை எப்படி ஓட்டலாம் என்று கோடு போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி