அடம் குட்ஸ் பற்றி நீங்கள் அச்சிட்ட அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், சிட்னி சுவான்ஸ் கழகத்துக்கு ஆடிய பூர்வகுடி வீரர் அடம் குட்ஸ் பற்றிய கட்டுரையை ஆவலோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். எங்களுடைய சஞ்சிகை ஒன்றில் ஒரு ஃபுட்டி (அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட) வீரருக்கு இரண்டு பக்கம் கிடைப்பது அபூர்வம் என்பதால் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன். கடைசிப் பந்திக்கு வந்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது: "ரசிகர்களின் கேலியைத் தாங்க முடியாத தொட்டாற்சிணுங்கியாக 2015 இல் மைதானத்தை விட்டு ஒதுங்கினார்." எழுதியவரின் பெயரைப் போடவில்லை. ஆகவே உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கேலி என்று எதைச் சொல்கிறீர்கள் ஐயா?

2015 ஜூலை 26 ஆம் திகதி பேர்த் சுபியாகோ மைதானத்தில் சிட்னி சுவான்ஸ் அணியும் வெஸ்ட் கோஸ்ட் அணியும் ஆடிய போட்டியைத் தொலைக்காட்சியில் முழுதாகப் பார்த்தவன் நான். பந்து குட்ஸின் கைக்கு வந்ததும் மைதானம் முழுக்கக் கூக்காட்டத் தொடங்கும். பந்து அவரை விட்டுப் போனதும் சத்தம் அடங்கும். திரும்ப வந்தால் திரும்பத் தொடங்கும். பக்கத்தில் நின்று அதே சிவப்பு வெள்ளைச் சட்டையோடு ஆடிய மற்றவர்களுக்கு அது இல்லை. அவருடைய சக வீரர் லூயிஸ் ஜெட்டா, அவரும் பூர்வகுடி இளைஞர், ஒரு கோல் அடித்துவிட்டு அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஈட்டி எறிவது போல ஆடிக் காட்டினார். தன் அண்ணனுக்காக ஒரு தம்பி செய்தது போல இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு குட்ஸ் சில நாட்கள் விடுப்பில் போனார். அந்தச் சீசனில் வாரக்கணக்காக, மைதானம் மைதானமாக நடந்தது இது. இதற்கா உங்கள் கட்டுரையாளர் 'கேலி' என்று பெயர் வைத்தார்?

தொட்டாற்சிணுங்கி என்று எழுதுவதற்கு முன் 2012 இறுதிப் போட்டியையாவது பார்த்திருக்கலாம். ஹாவ்தோர்ன் அணியோடு நடந்த அந்தப் போட்டியில் குட்ஸின் முழங்காலுக்குள் ஒரு தசைநார் கிழிந்தது. மனிதர் வெளியே போய் உட்காரவில்லை. நொண்டிக்கொண்டே நின்று கடைசிக் கால்பகுதியில் ஒரு கோலும் அடித்தார். சுவான்ஸ் 10 புள்ளிகளால் வென்றது. 2005 இல் வெஸ்ட் கோஸ்ட்டை 4 புள்ளிகளால் வென்று, சம்பியன் பட்டத்துக்கான அந்தக் கழகத்தின் 72 வருடக் காத்திருப்பு முடிந்தபோதும் அவர் அணியில் இருந்தார். பிரவுன்லோ பதக்கம் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, நடுவர்கள் ஒவ்வொரு போட்டிக்கும் 3, 2, 1 என்று வாக்குப் போட்டுச் சீசனின் சிறந்த வீரரைத் தெரிவு செய்வது. அதை 2003 இலும் 2006 இலும் இரண்டு தடவை பெற்றவர். உங்கள் கட்டுரையில் 2006 மட்டும் இருக்கிறது. 2003 இல் நேதன் பக்லி, மார்க் ரிச்சியூட்டோ ஆகியோரோடு பகிர்ந்துகொண்டதால் அது கணக்கில் இல்லையோ? அப்புறம் "372 ஆட்டங்களில் 464 புள்ளிகள்" என்று போட்டிருக்கிறீர்கள். 464 என்பது கோல்கள் ஐயா. ஒரு கோலுக்கு 6 புள்ளி. அவுஸ்திரேலியாவில் அச்சாகும் சஞ்சிகை இது.

சரி, எண்களைத் திருத்திக்கொள்ளலாம். என்னை வருத்துவது வேறு. கூக்காட்டல் ஏன் தொடங்கியது என்று கட்டுரையில் ஒரு வசனம்கூட இல்லை.

2013 மே 24 ஆம் திகதி, பூர்வகுடி வீரர்களைக் கௌரவிக்கும் சுற்றின் முதல் போட்டி மெல்பேர்ண் எம்.சி.ஜி. மைதானத்தில் நடந்தது. பூர்வகுடி வீரர் நிக்கி வின்மார் 1993 இல் ரசிகர்களின் இனவாத ஏச்சுக்குப் பதிலாகத் தன் சட்டையைத் தூக்கித் தன் கறுப்புத் தோலை விரலால் சுட்டிக் காட்டி இருபது வருடம் ஆனதை நினைவுகூர்ந்த நேரம் அது. ஆட்டம் முடியும் தறுவாயில் வேலி ஓரத்தில் இருந்து ஒரு குரல் குட்ஸைக் குரங்கு என்றது. அவர் திரும்பி அந்த ஆளைக் காவலருக்குக் காட்டினார். பார்த்தால் 13 வயதுச் சிறுமி. மறுநாள் ஊடகங்களுக்கு முன்னால் நின்று, பிள்ளையைக் குற்றம் சொல்லாதீர்கள், அவளுக்கு ஆதரவு கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தாங்க முடியாதவர் பேசும் பேச்சா அது? இவருடைய தாயார் சிறு வயதில் குடும்பத்திடமிருந்து அரசால் பிரித்தெடுக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருவர் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

2014 இல் நாட்டின் 'ஆண்டின் சிறந்த அவுஸ்திரேலியர்' விருது கிடைத்தது. பரிசை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் எல்லோருக்கும் நல்ல பிள்ளையாக இருந்திருப்பார். அவர் இனவாதம் பற்றிப் பேசினார், அவுஸ்திரேலிய தினமாகக் கொண்டாடும் ஜனவரி 26, வெள்ளையர் வந்திறங்கிய அந்த நாள், தன் மக்களுக்கு என்ன நாள் என்று பேசினார். 2015 மே மாதம் சிட்னி மைதானத்தில் கார்ல்டன் அணிக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு, பதினாறு வயதுக்கு உட்பட்ட பூர்வகுடி இளைஞர் அணியிடம் கற்ற போர் நடனத்தை ஆடினார். அதற்குப் பிறகுதான் கூக்காட்டல் உச்சத்துக்குப் போனது.

அந்த நாட்களில் நான் ஒரு களஞ்சியசாலையில் வேலை பார்த்தேன். மதியச் சாப்பாட்டு மேசையில் தினமும் இதே கதைதான். "நிறத்துக்காக இல்லை, ஃப்ரீ கிக் எடுக்க விழுந்து நடிக்கிறான், அதற்குத்தான்" என்பார்கள். "மற்றக் கறுப்பு வீரர்களுக்கு நாங்கள் கூக்காட்டுவதில்லையே" என்பார்கள். நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் அதே மேசையில் என்னை யாரும் என் பெயரால் கூப்பிட்டது கிடையாது. அவர்கள் வைத்த பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. சிரித்துக்கொண்டு போன வரைக்கும் நான் அவர்களுக்கு நல்ல மனிதன். ஒருநாள் மேலாளரிடம் போய், இது எனக்குப் பிடிக்கவில்லை என்று தன்மையாகச் சொன்னேன். அன்றிலிருந்து நான் பிரச்சினைக்காரன், பகிடி விளங்காதவன். நான் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தால் மேசையில் பேச்சு நின்றுவிடும். மற்றக் கறுப்பு வீரர்களுக்கு ஏன் கூக்காட்டவில்லை என்ற கேள்விக்கு எனக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. அதனால்தான் உங்கள் கட்டுரையில் அந்தச் சொல்லைக் கண்டபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. சாப்பாட்டு மேசைக்காரர்கள் சொன்னதைத் தமிழில் எங்கள் ஆட்களே திருப்பிச் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் பழைய விடயங்களையும் சொல்லத்தான் வேண்டும். 2019 ஜூனில், ஃபுட்டி லீக்கை நடத்தும் ஏ.எஃப்.எல். நிர்வாகமும் 18 கழகங்களும் சேர்ந்து குட்ஸிடம் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டன. ஆட்டத்தை நடத்துகிறவர்களே தாங்கள் அவருக்குத் துணை நிற்கத் தவறினோம் என்று ஒத்துக்கொண்ட செய்தி அது. உங்கள் சஞ்சிகையில் ஒரு வரி வரவில்லை. நான் அனுப்பிய கடிதமும் வரவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் கிரகம் 'பொலி' ஃபார்மர் காலமானார். பந்தை ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்திக் கொடுக்கும் ஹான்ட்போலை, வேறு வழியில்லாத நேரத்துக்கு வைத்திருந்த ஒன்றை, தாக்குதல் ஆயுதமாக மாற்றிய பூர்வகுடி மேதை அவர். பேர்த்தில் இருக்கும் உங்கள் சந்தாதாரர்கள் அவருடைய பெயரைக் கொண்ட நெடுஞ்சாலையில்தான் காரோட்டுகிறார்கள். அவருக்கும் ஒரு வரி இல்லை. ஆனால் கிரிக்கெட் அணி ஒன்று விமானத்தால் இறங்கினால் நடுப்பக்கம் முழுக்க வண்ணப் படம். ஜனவரி இதழில் பக்கம் பக்கமாக 26 ஆம் திகதி வாழ்த்து விளம்பரங்கள், அந்த நாள் இந்த மண்ணின் மக்களுக்கு என்ன என்று ஒரு சிறு பெட்டிச் செய்தியும் கிடையாது. விளம்பரம் இல்லாமல் சஞ்சிகை ஓடாது, அது எனக்கும் விளங்கும். ஒவ்வொரு வருடமும் ஜூலை இதழில் இலங்கையின் 1983 தமிழர் படுகொலையைப் பற்றி எழுதுகிறீர்கள். எழுதத்தான் வேண்டும். எங்களுக்கு நடந்ததை உலகம் விளங்கிக்கொள்ளவில்லையே என்று அதில் வருத்தப்படுகிறீர்கள். அப்படிப்பட்ட சஞ்சிகையில் இந்த வரி எப்படி வந்தது?

'ஒதுங்கினார்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். விடுப்பு முடிந்து திரும்பி வந்து, அரையிறுதிச் சுற்றுவரை ஆடிவிட்டுத்தான் அவர் ஓய்வை அறிவித்தார். செப்டெம்பர் 19, நோர்த் மெல்பேர்ணிடம் தோற்ற இரவு, எங்கள் சனம் நிறைந்த ஹோம்புஷுக்குப் பக்கத்து ஒலிம்பிக் மைதானத்தில். அவர் விடுப்பில் இருந்த வாரம் சிட்னி மைதானத்தில் மூன்றாம் கால்பகுதியின் ஏழாவது நிமிடத்தில், அவருடைய 37 ஆம் இலக்கத்துக்காக, கூட்டம் எழுந்து நின்று கரகோசம் செய்தது. நானும் மகனும் அங்கே நின்றவர்கள். முன் வரிசையில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி கழுத்துச் சால்வையைக் கழற்றி இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். இந்த ஊரில் அப்படியானவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம். 2021 இல் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டப் புகழ் மண்டபத்தில் சேர்க்க முடிவு செய்தபோது குட்ஸ் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். சக வீரர் மைக்கேல் ஓலோக்லினோடு சேர்ந்து 2009 இல் தொடங்கிய அறக்கட்டளை மூலம் பூர்வகுடிப் பிள்ளைகளின் படிப்புக்குத் தொடர்ந்து உதவி வருகிறார்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்: 464 கோல்கள், இரண்டு பிரவுன்லோ பதக்கங்கள், 2019 இல் மன்னிப்பு. தொட்டாற்சிணுங்கி என்ற சொல்லை வாபஸ் வாங்குவதாக ஒரு வரி. விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி போதும். இந்தக் கடிதத்தை முழுதாகப் போட இடமில்லை என்றால் விட்டுவிடுங்கள், திருத்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சந்தா மார்ச்சில் முடிகிறது. புதுப்பிக்கும் படிவம் வந்துவிட்டது, இன்னும் நிரப்பவில்லை.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
வென்ட்வேர்த்வில், சிட்னி