கை நடுங்கினால் நடுங்கட்டும், பாப்பா

அல்சூர்,
பெங்களூரு.

அன்புள்ள பாப்பா,

நீட் மாதிரித் தேர்வில் பிசிக்ஸ் பக்கத்தைத் திருப்பியதுமே கை சில்லிட்டு, வயிறு பிசைந்து, படித்ததெல்லாம் மறந்துபோச்சு என்று போனில் அழுதாயே, அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. ஆறுதல் சொன்னேன்தான். ஆனால் ஆறுதல் மட்டும் போதாது. ஹாஸ்டலில் ராத்திரி நிதானமாக உட்கார்ந்து இதைப் படி.

பயந்தால் உடம்பில் சுரப்பது அட்ரினலின். இதயம் நின்றுபோனவருக்கு நாங்கள் ஊசியில் ஏற்றுவதும் அதைத்தான். ரத்தத்தைத் தோலிலிருந்தும் குடலிலிருந்தும் இழுத்துத் தசைக்கு அனுப்பிவிடும். விரல் சில்லிடுவதும் வயிறு பிசைவதும் அதனால்தான். நீ படித்தது எங்கேயும் போய்விடவில்லை, கண்ணு. நர்சிங்கில் எங்களுக்கு யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908-இல் செய்த ஆய்வு பாடமாக வரும். கொஞ்சம் பதற்றம் இருந்தால் வேலை நன்றாக நடக்கும், அளவு மீறினால்தான் கெடும் என்று அதை வைத்துச் சொல்லித் தருவார்கள். அதனால் பயத்தை அடியோடு விரட்டப் பார்க்காதே. அந்தப் போராட்டத்திலேயே நேரம் போய்விடும். கை நடுங்கினால் நடுங்கட்டும். நாலு எண்ணும் வரை மூச்சை இழு, ஆறு எண்ணும் வரை மெல்ல விடு. வெளியே விடும் நேரத்தில் இதயத் துடிப்பு தானாகவே இறங்கும். ஐந்தாறு முறை போதும். இன்றைக்கே பழகு, அன்றைக்குத்தான் முதல்முறை என்று இருக்கக் கூடாது.

இன்னொன்று. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய பிள்ளைகள், அதிலும் அதிகம் பயப்படுகிறவர்கள், நன்றாகச் செய்தார்கள் என்று ரமிரெஸ், பைலாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். உள்ளே தாள் கொண்டுபோக விடமாட்டார்கள். அறையிலிருந்து கிளம்பும் முன் எழுதிவிடு. அப்பா என்ன சொல்வாரோ, பெரியம்மா என்ன கேட்பாரோ, எல்லாவற்றையும் எழுது. நான் அதைப் பார்க்க மாட்டேன்.

இப்போது ஆபரேஷன் தியேட்டரில் நான் தினமும் செய்வதைச் சொல்கிறேன். கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் நிற்போம். நோயாளி பெயர், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்வோம். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்வோம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த பட்டியல் அது, மொத்தம் 19 கேள்வி. டெல்லி உட்பட எட்டு ஊர் மருத்துவமனைகளில் சோதித்தபோது, ஆபரேஷனுக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. மூத்த சர்ஜன்களுக்கே அந்தப் பட்டியல் தேவைப்படுகிறது, பாப்பா. உனக்கும் ஒன்று வேண்டும்: கேள்வி எண், ஓ.எம்.ஆர் விடைத்தாளில் உள்ள எண், விடை. ஒவ்வொரு வட்டத்துக்கும் மனசுக்குள் சொல்லிவிட்டு நிரப்பு. கடினமான கேள்வியைத் தாண்டிப் போகும்போதுதான் ஒரு வரிசை நழுவி, அதற்குப் பின் வரும் அத்தனையும் தப்பாகும். பயத்தைவிட எனக்குக் கவலை இதுதான்.

தாண்டிப் போகவும் தெரிய வேண்டும். 2025 தேர்வு மாதிரியே என்றால் 180 நிமிடத்துக்கு 180 கேள்வி. ஒரு கணக்கோடு நாலு நிமிடம் மல்லுக்கட்டினால் மூன்று கேள்வியின் நேரம் போயிற்று. ஒரு நிமிடத்தில் வழி தெரியவில்லையா, ஓரத்தில் குறி போட்டுவிட்டு நகரு. "ஒன்றையும் விடாதே, எல்லாவற்றையும் நிரப்பு" என்று அண்ணன் சொன்னானாம். அவன் எழுதிய கே.சி.இ.டி. என்ற கர்நாடக நுழைவுத் தேர்வில் மைனஸ் மார்க் கிடையாது. உனக்கு சரியானால் 4 மார்க் வரும், தப்பானால் 1 போகும். இரண்டு விடை நிச்சயமாக இல்லை என்று தள்ள முடிந்தால் துணிந்து போடு. ஒன்றையும் தள்ள முடியாவிட்டால் விட்டுவிடு. மாதிரித் தேர்வில் பயாலஜியை முதலில் எழுதிப் பழகியிருக்கிறாய், அன்றைக்கும் அதுவே முதல்.

தேர்வு மத்தியானம் 2 மணிக்கு. சாப்பிட்டதும் கண் சொக்கும் வேளை. ஆகவே இனி வீட்டுப்பாடம் எதுவானாலும் 2 முதல் 5 வரை தூங்காமல் கடினமான பாடத்தைப் படி. ராத்திரி கண் விழிப்பதை இன்றோடு நிறுத்து. படித்தது மனதில் தங்குவதே தூக்கத்தில்தான்.

பயம் தாங்க முடியாமல், இருக்கவே பிடிக்கவில்லை என்று ஒரு நொடி தோன்றினாலும், மணி பார்க்காமல் என்னைக் கூப்பிடு. நைட் டியூட்டியில் எடுக்காமல் போனால் 14416-க்குப் போடு. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், இரவு பகல் உண்டு, தமிழிலேயே பேசலாம். நம் பெங்களூரு மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை மையம். வார்டனுக்கும் இந்த எண்ணைக் கொடு, உன் அறைத் தோழிகளுக்கும் வேண்டியிருக்கும்.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானமே நான் ரயிலில் சேலம் வந்துவிடுவேன். இருவரும் சென்டர் வரை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். 1.30-க்கு கேட்டை மூடிவிடுவார்கள், அதனால் 11 மணிக்கே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். அரைக்கை சுடிதார், செருப்பு. ஷூ கூடாது. ஹால் டிக்கெட் இரண்டு பிரதி, ஆதார், போட்டோ நான் கொண்டுவருகிறேன். லேபிள் இல்லாத தண்ணீர் பாட்டில் ஒன்றை மட்டும் நீ எடுத்து வை.

அன்புடன்,
அம்மா