ஐந்தாம் மாதமும் உன் யோகாவும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஐந்தாம் மாதம் ஆகிவிட்டதே, யோகாவை விட்டுவிடவா என்று கேட்டிருந்தாய். விட வேண்டாம், செய். உனக்கு பி.பி. சரியாக இருக்கிறது, ரத்தக்கசிவு இல்லை, டாக்டரும் எதையும் தடுக்கவில்லை. அப்படி இருக்கிற கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பே 2020-இல் சொல்லியிருக்கிறது. முதுகுவலி குறையும், தூக்கம் வரும், மனசும் படபடக்காது. ஆனால் யோகா செய்தால் சுகப்பிரசவம் நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

கையைத் தூக்கினால் தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் என்று அப்பத்தா போனில் சொன்னதை மனசில் போட்டுக்கொள்ளாதே. பிள்ளை உள்ளே புரளும்போது சுற்றுவது அது. உன் கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

என் கவலை வேறு. நீ கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே யோகா செய்கிறவள். புதிதாகப் படிக்கிறவள் பயந்து பயந்து செய்வாள். நீ பழகின உடம்பை நம்பி முன்பு போலவே வளைவாய். இப்போது ரிலாக்ஸின் என்ற ஹார்மோன் சுரந்து மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்களை இளக்கிவிடும். வழக்கத்தைவிட நன்றாக வளைகிறதே என்று தோன்றும். அங்கேதான் இடுப்பு மூட்டில் வலி பிடிக்கும். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிடு.

சிரசாசனம் வேண்டாம். குப்புறப் படுத்துச் செய்வதும், வயிற்றை முறுக்கித் திரும்புவதும் வேண்டாம். வேகவேகமாக மூச்சை இழுத்து விடும் கபாலபாதி, பஸ்திரிகா கூடவே கூடாது. ஒரு மூக்கில் இழுத்து மறு மூக்கில் விடும் நாடிசுத்தி செய், மூச்சை மட்டும் அடக்காதே. ஒற்றைக்காலில் நிற்கும் ஆசனம் என்றால் சுவரைப் பிடித்துக்கொள். அறையைச் சூடாக்கி நடத்துகிற வகுப்புப் பக்கமே போகாதே.

மல்லாந்து படுப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் மேலூர்ப் பக்கம் நர்ஸாக இருந்தபோது, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பதற்காக நிறைமாதக்காரி ஒருத்தி மல்லாந்து படுத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்த்துவிட்டது. "கண்ணைக் கட்டுதுக்கா" என்றாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் தெளிந்துவிட்டாள். கர்ப்பப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்துவிடும். அதனால் கடைசியில் ஓய்வாகப் படுக்கும் சவாசனமும் இனி இடது பக்கமாகத்தான். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்.

உனக்கு ஏற்றது, பூனை போல முழங்காலையும் கையையும் ஊன்றிச் செய்யும் மார்ஜரி ஆசனம். ஜமுக்காளத்தை நாலாக மடித்து முழங்காலுக்கு அடியில் போடு. உள்ளங்கை தோளுக்கு நேர் கீழே இருக்கட்டும். மூச்சை விட்டுக்கொண்டே முதுகை மேலே தூக்கு, இழுத்துக்கொண்டே பழைய நிலைக்கு வா. வயிற்றைக் கீழே தொங்கவிடாதே. அப்போதும் உன்னால் மாப்பிள்ளையோடு பேச முடிய வேண்டும். பேச்சுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

ரத்தம் பட்டாலோ, தண்ணீர் கசிந்தாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கெண்டைக்காலில் வீங்கி வலித்தாலோ, வயிறு விட்டுவிட்டு இறுக்கிப் பிடித்தாலோ அந்த நிமிடமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்கு அப்புறம் போன் பண்ணிக்கொள்ளலாம்.

சித்திரையில் வளைகாப்புக்கு வருகிறாய். மதுரை வெயில் உனக்குத் தெரியாததில்லை. விடிந்ததும் மொட்டைமாடியில் செய்துவிட்டு, வெயில் ஏறுமுன் கீழே இறங்கிவிடு. அழகர் ஆற்றில் இறங்குவதை இந்த வருஷம் டிவியில் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கூட்டத்துக்குள் உன்னை விடமாட்டேன்.

அடுத்த ஸ்கேனில் நஞ்சுக்கொடி (பிளசென்டா) எங்கே இருக்கிறது என்று டாக்டரிடம் கேள். கர்ப்பப்பை வாய்ப் பக்கமாகக் கீழே இருக்கிறது என்றால், அவர் சரி என்று சொல்லும்வரை எந்த ஆசனமும் வேண்டாம். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு, நானும் பார்க்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு போடாதே.

அன்புடன்,
அம்மா