சூதாட்டக் கூடத்தில் இழப்பு வரம்பைக் கட்டாயமாக்குங்கள்

சூதாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் தம்பிக்குக் குடும்ப விலக்கு ஆணை கிடைத்துவிட்டது. இனி சிங்கப்பூரின் இரண்டு சூதாட்டக் கூடங்களிலும் அவன் நுழைய முடியாது. அதற்கு நன்றி. ஆனால் ஆணை வருவதற்குள் அவன் சேமிப்பு மொத்தமும் கரைந்துவிட்டது.

2019ல் உள்ளூர்வாசிகளுக்கான நுழைவுக் கட்டணத்தை 100 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 150 ஆக்கினீர்கள். தயங்குகிறவர் வாசலிலேயே திரும்பியிருப்பார். கட்டிவிட்டு உள்ளே போனவர்? என் தம்பிக்கு அந்த 150தான் அன்றைய முதல் இழப்பு. "கட்டின காசையாவது எடுத்துட்டு வர்றேன்க்கா" என்பான். கட்டணம் 24 மணி நேரம் செல்லும். கூடமும் மூடுவதில்லை.

ஒரு ராத்திரியை மட்டும் சொல்கிறேன். பதினொரு மணிக்கு டாக்சிக்கு என்று 200 வெள்ளியைக் கைப்பேசியிலேயே பேநவ் வழியாக அனுப்பச் சொன்னான். ஒரு மணிக்கு 500. மூன்றரைக்கு 2,000: "இதான் கடைசி, விட்டதைப் பிடிச்சதும் முதல்ல உனக்குத்தான்." மளிகைக் கடையில் ஐந்து காசு மிச்சத்தையும் கேட்டு வாங்குகிறவன் அவன். காலையில் முதல் ரயிலைப் பிடித்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் வேலைக்குக் கிளம்பினான்.

இது அவன் ஒருவனுடைய குணக்கேடு இல்லை. இழப்போடு சமாதானம் ஆகாத மனம், மற்ற நேரத்தில் தொடவே மாட்டாத பந்தயத்திலும் இறங்கும் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979லேயே எழுதிவிட்டார்கள். சூதாட்ட நோய்க்கு மருத்துவர்கள் பார்க்கும் ஒன்பது அறிகுறிகளில், விட்டதைப் பிடிக்க மறுபடி போவதும் ஒன்று. உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் தடைகளையெல்லாம் வாசலிலேயே வைத்திருக்கிறீர்கள். வெறி பிடிப்பது உள்ளே போய்த் தோற்ற பிறகுதானே?

லாட்டரி நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸின் இணையக் கணக்கில் தினசரி வரம்பை முதலிலேயே குறித்தாக வேண்டும். சூதாட்டக் கூடத்திலும் அதையே கட்டாயமாக்குங்கள். மனம் தெளிவாக இருக்கும்போதே, உள்ளே போகுமுன், அன்றைக்கு எவ்வளவுவரை இழக்கலாம் என்று ஆட வருபவரே குறிக்கட்டும். அது தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அதே இரவில் வரம்பை உயர்த்த வழியே இருக்கக் கூடாது. அடையாள அட்டையைச் சரிபார்த்துத்தானே உள்ளூர்வாசிகளை உள்ளே விடுகிறார்கள்? யார் எவ்வளவு தோற்றார் என்று கணக்கு வைக்கவா முடியாது?

கூடத்தோடும் இது முடியவில்லை. லாட்டரியும் இருக்கிறது: புதன், சனி, ஞாயிறு 4டி குலுக்கல். திங்கள், வியாழன் டோட்டோ. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சீட்டு எடுக்க வரிசையில் நிற்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வருஷக்கணக்காக ஒரே எண்ணை எடுப்பவர், "இன்னைக்கு விட்டா இன்னைக்கே விழுந்துடும்" என்ற பயத்திலேயே எடுக்கிறார். இதுவரை போட்டதெல்லாம் வீணாகிவிடுமே என்று அவரால் நிறுத்த முடியவில்லை. அதைப் பற்றியும் நீங்கள் யோசிக்கத்தான் வேண்டும்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று நான் கேட்பது ஒன்றே ஒன்று: இழப்பு வரம்பைக் கட்டாயமாக்குங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஈசூன்வாசி ஒருவர்